ஹெச்பி100 டாப்ளர் ரேடார் மாட்யூல்: காசுக்கு ஒர்த்து, ஆனா டியூப்லைட்ட ஆஃப் பண்ணிட்டு டெஸ்ட் பண்ணுங்க

சில நூறு ரூபாய்க்கு நிஜ ரேடார். பொம்மை இல்லங்க. 5 வோல்ட் குடுத்தா 10.525 கிகாஹெர்ட்ஸ்ல மைக்ரோவேவ் அனுப்பும், எதிர்ல அசையுற எதுல பட்டாலும் அலையோட ஃப்ரீக்வென்சி (வினாடிக்கு எத்தன தடவ அதிருதுங்குற கணக்கு) லேசா மாறித் திரும்பி வரும், இதுதான் டாப்ளர். எவ்ளோ லேசான்னா மணிக்கு 1 கிமீ வேகத்துக்கு 19.5 ஹெர்ட்ஸ், ஆயிரம் கோடிக்கு மேல இருக்குற நம்பர்ல வெறும் 19! அத நேரா அளக்குறது பெரும்பாடு, அதனால உள்ள ஒரு மிக்சர் போன அலையையும் வந்த அலையையும் கலந்து வித்தியாசத்த மட்டும் வெளிய தள்ளுது, அது காதுக்கு கேக்குற ரேஞ்சுலயே வருது. ஆம்ப் (சிக்னல பெருக்குற சர்க்யூட்) வழியா ஸ்பீக்கர்ல குடுத்து முன்னாடி கைய ஆட்டிப் பாருங்க, சும்மா ஊய்ங்குனு பாடும்.

அந்த ஆம்ப் மாட்யூலோட சேந்து வராது, அது தெரியாமத்தான் பாதிப் பேரு பீஸ் டெட்டுனு ஒரு ஸ்டார் போடுறாங்க. அவுட்புட் மைக்ரோவோல்ட் கணக்குல தான் இருக்கும், எல்எம்358ங்குற ஆம்ப் சிப் வச்சு ரெண்டு ஸ்டேஜ் ஏத்தி அப்புறம் ஆர்டுயினோவுக்கு (நாமளே புரோகிராம் பண்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு) குடுக்கணும்.

இப்ப டியூப்லைட் கதை. பழைய சோக் வச்ச டியூப்லைட்டுக்குள்ள இருக்குற பிளாஸ்மா (கரண்ட் பாயுற வாயு) வினாடிக்கு 100 தடவ ஏறி இறங்குது, மைக்ரோவேவ் அதுல பட்டா 100 ஹெர்ட்ஸ் சிக்னல் வரும். கணக்கு போட்டா மணிக்கு 5.1 கிமீ, அதாவது மனுஷன் நடக்குற வேகம்! ரூம்ல ஆளே இல்ல, ஸ்கிரீன்ல யாரோ வாக்கிங் போறாங்க. ஃபேன் ஓடுனாலும் இதே கூத்து தான்.

வண்டி ஸ்பீடு பாக்கணும்னா ரோட்டுக்கு நேரா வைங்க, 60 டிகிரி சாஞ்சிருந்தா பாதி வேகம் தான் காட்டும். வருதா போகுதான்னும் சொல்லாது, இதுல ஒரே ஒரு அவுட்புட் தான். அது வேணும்னா ஐ, க்யூன்னு ரெண்டு அவுட்புட் உள்ள மாட்யூலா பாருங்க, வில கூட.

டாப்ளர் வச்சு ரேடியோ அலைய ரெண்டு மடங்கு ஃப்ரீக்வென்சியா மாத்தலாமான்னு கேக்குறவங்களுக்கு, மாத்தலாம், அலை பட்டுத் திரும்புற கண்ணாடி எதிர்ல வினாடிக்கு 1 லட்சம் கிமீ வேகத்துல வந்தா போதும் 😄

பசங்களுக்கு ஃபிசிக்ஸ் காட்ட கண்ண மூடிட்டு வாங்கலாம். வெறும் ஆட்டோமேட்டிக் லைட்டுக்குன்னா வேண்டாம், உடம்பு சூட்ட வச்சு ஆள் அசையுறத கண்டுபிடிக்குற பிஐஆர் சென்சாரே போதும். இந்த ரேடார பிளாஸ்டிக் டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சாலும் வேல செய்யும், தகர டப்பால மட்டும் போட்றாதீங்க.