ஒரே கடல், இரண்டு கரை: குறைந்த செலவில் இருவர் தீவு சுற்ற அந்தமானா, கிராபியா?

ஜனவரியில் ஹாவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் இறங்கிவிடும். அதே அந்தமான் கடலின் கிழக்குக் கரையில், தாய்லாந்தின் லன்டா தீவில், அந்த ஊர்க் கடிகாரப்படி ஆறேகாலைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அந்தமான் நம் இந்திய நேரத்தில் ஓடுகிறது, ஆனால் தீவுகள் இருப்பதோ வெகு கிழக்கே. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் போகிறது. பயணத் திட்டத்தை இது புரட்டிப் போட்டுவிடும். அந்தமானில் ஐந்தே முக்காலுக்கே விடிந்துவிடுவதால், எட்டு மணிக்கு எழுந்து ஒன்பதுக்குக் கிளம்புகிறவர்கள் பகலில் மூன்று மணி நேரத்தைத் தொலைத்திருப்பார்கள். தாய்லாந்தின் கிராபிப் பக்கம் அதே பழக்கத்தோடு போனாலும் இழப்பு குறைவு.

இரண்டு கரைக்கும் பருவம் ஏறக்குறைய ஒன்றுதான். டிசம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கி இருக்கும். மே மாதத்திலிருந்து தென்மேற்குக் காற்று இரண்டு பக்கமும் அலையைக் கிளப்பும். ஆகவே ஒரே விடுமுறை, ஒரே கடல், கையில் ஏறக்குறைய ஒரே தொகை என்று வைத்துக்கொண்டு இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கலாம். அந்தமானில் போர்ட் பிளேர், ஹாவ்லாக், நீல். தாய்லாந்தில் கிராபி, ஃபீ ஃபீ, லன்டா. (அரசு ஆவணங்களில் ஹாவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட் எடுக்கும்போது இரண்டு பெயரும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம்.)

இருவர் போகும்போது எது பாதியாகும், எது ஆகாது

தீவுப் பயணச் செலவைத் தம்பதிகள் கணக்கிடும்போது முதலில் தவறுவது இந்த இடத்தில்தான். அறை வாடகை, ஸ்கூட்டர், ஆட்டோ ஆகியவற்றுக்கு ஒருவர் போனாலும் இருவர் போனாலும் ஒரே காசுதான். விமானம், படகு, பூங்காக் கட்டணம், ஆழ்கடல் மூழ்கல் எல்லாம் தலைக்குத் தலை. அறையில் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டு மணி நேரம் தேடிவிட்டு, இன்னொரு தீவைப் பட்டியலில் சேர்ப்பவர்கள், அந்த ஒரு கடப்பிலேயே அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கடப்பு என்றால் டிக்கெட் மட்டுமில்லை. அறையைக் காலி செய்வது, துறைக்கு ஆட்டோ, முன்கூட்டியே போய்க் காத்திருப்பது, மறுகரையில் இன்னொரு ஆட்டோ, அறை திறக்கும்வரை மூட்டையோடு உட்கார்ந்திருப்பது. மொத்தத்தில் அரை நாள் போகும். ஆறு இரவில் மூன்று கடப்பு வைத்தால் ஒன்றரை நாள் துறைமுகத்துக்கே. ஆறு இரவுக்கு இரண்டு தீவு என்பதே எங்கள் கணக்கில் உச்சவரம்பு.

கடப்பு: அந்தமான் பக்கம்

போர்ட் பிளேரிலிருந்து ஹாவ்லாக் போக இரண்டு வழி. அரசு ஃபெர்ரி ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து கிளம்பும், சுமார் இரண்டரை மணி நேரம். தனியார் கேட்டமரான்கள் (இரட்டை உடல் கொண்ட வேகப் படகுகள்) ஹாடோ துறையிலிருந்து, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கட்டணத்தில் அரசுப் படகு தனியாரில் பாதிக்கும் குறைவு. ஆனால் அரசுப் படகில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அவர்களுக்கு வேறு பேருந்து கிடையாது. சீசனில் நமக்கு இடம் கிடைப்பது உறுதியில்லை.

நடைமுறையில் பலன் தருவது கலப்பு வழி. போகும்போது தனியார் படகை முன்பதிவு செய்துவிடுங்கள், அன்று தவறினால் அறை முன்பணமும் சேர்ந்து போகும். ஹாவ்லாக்கிலிருந்து நீலுக்கு ஒரு மணி நேரக் கடப்புதான். இதற்கு அரசுப் படகை முயலுங்கள். திரும்பும்போது நீலிலிருந்து நேராகப் போர்ட் பிளேர். மறுபடி ஹாவ்லாக் வழியாக வந்தால் ஒரு கடப்பு வீண்.

குமட்டல் வருபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தனியார் படகுகள் பலவற்றில் கண்ணாடி மூடிய ஏ.சி. அறைக்குள்தான் உட்கார வேண்டும். வேகம் அதிகம், வெளிக்காற்று கிடையாது, அடிவானமும் சரியாகத் தெரியாது, வயிறு புரளும். அரசுப் படகில் மெதுவாகப் போனாலும் மேல்தளத்தில் நின்று தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டே போகலாம். மூடிய படகுதான் என்றால் கீழ்த்தளத்தில் நடுவிலிருந்து பின்பக்கமாக இருக்கை கேளுங்கள். முன் வரிசைதான் அதிகம் தூக்கிப் போடும். மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, பூரிக் கிழங்கும் ஆகாது. இரண்டு இட்லி போதும்.

சென்னையிலிருந்து கப்பலில் போனால் மலிவாயிற்றே என்று கேட்பார்கள். மூன்று நாள் கடலில் போகும், மாதத்தில் சில நடைதான், தேதியும் நகரும். பங்க் வகுப்பு உண்மையிலேயே மலிவு, ஆனால் அது பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கை. தம்பதிக்குத் தனி அறை எடுத்தால் விமான டிக்கெட்டை நெருங்கிவிடும். இரண்டு வாரம் விடுப்பு இருப்பவர்களுக்கு மட்டும் அது சரி.

கடப்பு: கிராபிப் பக்கம்

சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து கிராபிக்கு விமானம் ஒன்றேகால் மணி, இரவுப் பேருந்து சுமார் பன்னிரண்டு மணி. பேருந்தில் போனால் ஓர் இரவின் அறை வாடகையும் மிச்சம். கிராபியிலிருந்து ஃபீ ஃபீக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், ஃபீ ஃபீயிலிருந்து லன்டாவுக்குச் சுமார் ஒரு மணி. படகுகள் அதிகம், போட்டியும் அதிகம். அதனால் முந்தின நாள் தெருமுனைக் கடையில் சீட்டு வாங்கினாலும் இடம் கிடைத்துவிடும். அந்தமானோடு ஒப்பிட்டால் இதுதான் பெரிய நிம்மதி. மழை வந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடும் சுதந்திரம் கையில் இருக்கிறது.

சிறு தூரங்களுக்கு நீள்வால் படகு. லாரி இஞ்சின் ஒன்றைப் படகின் பின்முனையில் ஏற்றி, அதிலிருந்து நீளக் கம்பியில் விசிறியைத் தண்ணீரில் இறக்கியிருப்பார்கள். கிராபியின் ஆவ் நாங் கரையிலிருந்து ரைலே கடற்கரைக்கு ஆளுக்குச் சுமார் 100 பாத் (தாய்லாந்து நாணயம்). எட்டுப் பேர் சேர்ந்ததும் எடுப்பார்கள். இருவர் மட்டும் என்றால் அவசரப்படாமல் காத்திருங்கள். தனியாக எடுத்தால் எட்டுப் பேர் காசு. ஏறும் இடத்தில் துறை கிடையாது, முழங்கால் தண்ணீரில் நடந்து ஏணி ஏற வேண்டும். சக்கரப் பெட்டி கொண்டுபோனவர்கள் அதைத் தலையில் தூக்க நேரிடும். முதுகுப் பை, அதற்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை, கால்களில் நனைந்தால் காயும் செருப்பு, இவ்வளவே போதும். ஃபீ ஃபீயில் கார் ஓடும் சாலையே கிடையாது, மூட்டைக்குத் தள்ளுவண்டிதான்.

ஸ்கூட்டர்

ஹாவ்லாக்கில் துறையிலிருந்து ராதாநகர் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவில் போய், சூரியன் மறையும்வரை நிறுத்தி, திரும்பி வந்தால் அன்றைய ஸ்கூட்டர் வாடகையைவிடக் கூடுதலாகும். நாளுக்கு 500 ரூபாய் வாக்கில் ஸ்கூட்டர் எடுப்பதே இருவருக்குச் சரி. அரசுப் பேருந்தும் உண்டு, நேரம் பார்த்துப் போனால் எல்லாவற்றிலும் மலிவு. நீல் சின்னத் தீவு. அங்கே சைக்கிள் போதும். இரண்டு பக்கமும் காய்கறித் தோட்டங்கள், வெயில் ஏறுமுன் மிதித்தால் சுகமாக இருக்கும்.

தாய்லாந்தில் ஸ்கூட்டர் 200 முதல் 300 பாத். ஆனால் அங்கே இந்திய உரிமம் மட்டும் போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். பலர் கோட்டை விடுவது இதில்: உரிமத்தில் கார் மட்டும் இருந்து இருசக்கர வாகனம் இல்லையென்றால், விபத்தில் பயணக் காப்பீடு ஒரு பைசா தராது. மணல் படிந்த சரிவில் சறுக்கி விழுவது அங்கே அன்றாடம் நடப்பது. வண்டிக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், நகலும் பண முன்வைப்பும் ஏற்கும் கடை அடுத்த தெருவில் இருக்கும். எந்தக் கரையானாலும் வண்டியை எடுக்குமுன் நான்கு பக்கமும் கீறல்களை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அறையும் சாப்பாடும்

ஹாவ்லாக்கில் சீசனில் நல்ல மூங்கில் குடில் 1,500 முதல் 2,500 ரூபாய். ஐந்தாம் எண் கடற்கரைப் பக்கம் குடில்கள் அதிகம், மூன்றாம் எண் கடைத்தெருவுக்கு அருகே சாதாரண அறைகள் இன்னும் மலிவு. இருவருடைய அடையாள அட்டையும் கேட்பார்கள். மணமாகாத இணையருக்கு அறை தரச் சட்டத்தடை எதுவும் இல்லை. ஆனாலும் சில விடுதிகள் மறுக்கும். முன்பதிவின்போதே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டால், கடைசிப் படகு போன பிறகு தெருவில் நிற்க வேண்டியிருக்காது. தாய்லாந்தில் இந்தக் கேள்வியே எழாது.

லன்டாவில் மின்விசிறிக் குடில் 600 முதல் 900 பாத்துக்குக் கிடைக்கும். ஃபீ ஃபீயில் அதே தரத்துக்குக் கூடுதல் விலை, அதோடு தோன்சாய் ஊரின் நடுவில் நள்ளிரவுக்குப் பிறகும் பாட்டுச் சத்தம் ஓயாது. தூக்கம் முக்கியமென்றால் ஃபீ ஃபீயில் ஓர் இரவுக்கு மேல் வேண்டாம், பகலில் பார்த்துவிட்டு லன்டாவுக்குப் போய்விடுங்கள்.

சாப்பாட்டில் நமக்கு அந்தமான் தாய்வீடு. போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் தோசையும் தமிழும் தாராளம். ஹாவ்லாக்கிலும் நீலிலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அதிகம். அதனால் மீன் குழம்பில் கடுகெண்ணெய் மணக்கும். அங்கே மீன் சாப்பாடு நிறைவானது, ரிசார்ட்டுக்குள் அதே சாப்பாடு இருமடங்கு. தாய்லாந்தில் தெருக்கடைத் தட்டு 60 முதல் 100 பாத். லன்டாவில் முஸ்லிம்கள் அதிகம் என்பதால் ஹலால் உணவும் ரொட்டியும் எளிது. சைவர்களுக்குத்தான் கஷ்டம். காய் மட்டும் போட்ட சோற்றிலும் மீன் சாஸ் இருக்கும். "மை ஸை நாம் ப்ளா" என்றால் மீன் சாஸ் ஊற்ற வேண்டாம் என்று பொருள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துப் பலகை தொங்கும் கடை "ஜே" கடை, அங்கே தூய சைவம்.

கடலுக்குள்

நீலின் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு வற்றம் (கடல்நீர் இறங்கும் நேரம்) இருக்கும்போதுதான் நடந்து போக முடியும். ஏற்றத்தில் போனால் பாறையும் அலையும்தான். அறை எடுப்பதற்கு முன்பே அந்த வாரத்து வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள். ரைலேயின் கிழக்குக் கரையும் வற்றத்தில் சேறாகிவிடும்.

ஃபீ ஃபீயை அடுத்த ஃபீ ஃபீ லே தீவின் மாயா பே விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறந்தது. பவளம் மீண்டு வரட்டும் என்று நீந்தத் தடை, ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மீண்டும் மூடுகிறார்கள். வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் 400 பாத், இருவருக்கு 800. சுற்றுலாப் படகு விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் சீட்டு வாங்காதீர்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது. பவளத்தைக் கெடுக்கும் ஆக்சிபென்சோன் போன்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தாய்லாந்தின் கடல் பூங்காக்களில் 2021 முதல் தடை உண்டு.

அந்தமானில் சங்கும் பவளத் துண்டும் எடுத்துவராதீர்கள், விமான நிலையச் சோதனையில் பிடிபடும். சதுப்புக் காடுகளிலும் ஓடை முகத்துவாரங்களிலும் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கணுக்கால் தண்ணீர்கூட வேண்டாம். மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் அரிக்கும், ஈரமணலில் வெறும் உடம்போடு படுக்காமல் துண்டு விரியுங்கள்.

ஆழ்கடல் மூழ்கலைக் கடைசி நாளில் வைக்கக் கூடாது. ஒரு முறை மூழ்கினால் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் தேவை. முதல்முறை மூழ்குபவர்கள், ஆளுக்கு ஒரு பயிற்றுநர் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள்.

கூட்டிப் பார்த்தால்

விமானம் நீங்கலாக, இருவருக்கு ஆறு இரவு என்று வைப்போம். அந்தமானில் அறை 11,000, தனியார் படகில் மூன்று கடப்பு 9,000, சாப்பாடு 8,500, ஸ்கூட்டர் 1,500, ஆட்டோவும் ஒரு ஸ்நார்கலிங்கும் (மூச்சுக்குழாயோடு மேல்நீரில் நீந்திப் பார்ப்பது) 4,000. மொத்தம் 34,000 ரூபாய். இடையில் அரசுப் படகு கிடைத்தால் இன்னும் குறையும். கிராபிப் பக்கம் அறை 5,400 பாத், படகும் வேனும் 2,800, சாப்பாடு 4,900, ஸ்கூட்டர் 750, ஒரு நாள் தீவுச் சுற்றும் பூங்காக் கட்டணமும் 2,200, சில்லறைப் போக்குவரத்து 800. மொத்தம் 16,850 பாத், ஏறத்தாழ 47,000 ரூபாய். அதற்குமேல் ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் 220 பாத் அளவில் போகும், ஆகவே ஒரே முறை மொத்தமாக எடுங்கள். ஹாவ்லாக்கிலும் நெட்வொர்க் படுத்துவிட்டால் யு.பி.ஐ. வேலை செய்யாது, இரண்டு நாள் செலவுக்கு நோட்டு வேண்டும். பணத்தை இருவர் பையிலும் பிரித்து வையுங்கள்.

தாய்லாந்துக்கு டிஜிட்டல் வருகை அட்டையை 2025 மே முதல் இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. விசா விதி மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும் நாளில் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

ஐந்தாறு நாள் விடுப்பு என்றால் அந்தமான்தான். எட்டு நாளுக்கு மேல் கிடைத்தால் கிராபி, ஏனென்றால் அங்கே போய்ச் சேரவே ஒரு நாள் பிடிக்கும். டிசம்பர் 20 முதல் ஜனவரி 5 வரை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். எந்தக் கரையானாலும் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரிலோ கிராபி ஊரிலோதான் தங்க வேண்டும். காற்று அடித்துப் படகு நின்றால் படகுக்காரர் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவார், விமான நிறுவனம் தராது.

இருவரில் ஒருவருக்குக் கடல் ஒத்துவரவே ஒத்துவராது என்றால் ஒரு வழி உண்டு. கிராபி விமான நிலையத்திலிருந்து லன்டாவுக்கு வேனிலேயே போகலாம். வண்டியோடு சேர்த்து மிதவைப் படகில் கால் மணி நேரம்கூட ஆகாத ஒரே கடப்பு, அதன்பின் லன்டாவின் இரு தீவுகளான 'லன்டா நோய்', 'லன்டா யாய்' நடுவே 2016 முதல் பாலம். மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள், ஒரு மாத்திரையும் போடாமல், தீவில் இறங்கிவிடலாம்.