சவுக்கு: விதை நாற்றா, குளோன் நாற்றா?

ஒரே வயதுள்ள இரண்டு சவுக்குத் தோப்புகளை அடுத்தடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும். விதை நாற்று நட்ட தோப்பில் ஒரு மரம் மணிக்கட்டுப் பருமன், பக்கத்து மரம் அதைப்போல் இரு மடங்கு. ஒரே தாய்மரத்தின் குருத்துகளை வேர்விடச் செய்து நட்ட குளோன் தோப்போ நூல் பிடித்தாற்போல் நிற்கும்.

கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனம் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து பல நாட்டுச் சவுக்கு வகைகளைச் சோதித்தது. நாட்டுச் சவுக்கையும் இந்தோனேசியாவின் ஜங்குனியானா சவுக்கையும் இணைத்த கலப்பினக் குளோன்களையும் வெளியிட்டது. காகித ஆலைகளும் உழவர்களும் அவற்றை விரும்பி நடுகிறார்கள். இளங்குருத்தை வெட்டி, வேர் ஊக்கியில் தோய்த்து, பனிமூட்ட அறையில் வேர்விடச் செய்வதால் நாற்று விலை கூடுதல்தான்; ஆனால் மகசூல் அதை ஈடுகட்டிவிடும்.

எனக்குள்ள அச்சம் வேறு. பட்டை கொப்பளித்து வெடித்து, தொட்டால் விரலில் கரும்பொடி ஒட்டும் பூஞ்சை நோய் சவுக்கில் உண்டு. ஒரே குளோன் நின்றால், அது நோய்க்கு இடம் கொடுப்பதாக இருந்தால், தோப்பு முழுவதும் போய்விடும். விதைத் தோப்பில் சில மரங்களாவது தாக்குப்பிடிக்கும்.

வேர் முடிச்சில் வாழும் பிராங்கியா நுண்ணுயிர் இரண்டுக்குமே தழைச்சத்து தரும். காகிதக் கூழுக்கு நடுகிறவர்களுக்கு என் பரிந்துரை குளோன்தான். ஆனால் ஒன்றை மட்டும் நடாதீர்கள். நான்கைந்து குளோன்களைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து நடுங்கள்.