புறாமலைக்கு ஸ்நோர்கலிங் படகு: எதில் ஏறலாம், எதை விட்டுவிடலாம்

கண்ணாடி போட்டு, முகத்தைக் கவிழ்த்து மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நோர்கலிங்குக்குப் பலர் போகும் தீவு புறாமலை. திருகோணமலையின் நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். பைபர் போட்டில் பத்து நிமிடத்துப் பயணம். அதுவரை எல்லாப் படகும் ஒன்றுதான். தீவை நெருங்கும்போது ஓட்டி எங்கே எஞ்சினைக் குறைக்கிறார், எங்கே நங்கூரம் போடுகிறார் என்பதில்தான் நல்ல சேவை எது என்று தெரியும்.

1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவான இடம் இது. சுற்றுக் கடலோடு சேர்த்து 471 ஹெக்டேயர். 1998 இல் கடல் சூடேறி நாட்டின் மற்றக் கரைகளில் பவளப்பாறையான முருகைக்கல் வெளிறிச் செத்தபோது இங்கே பெரும்பாலும் தப்பியது. இன்றும் இடுப்பளவு நீரிலேயே மேசை விரித்ததுபோன்ற முருகைக்கல்லைக் காணலாம். அந்த ஆழமின்மைதான் ஆபத்தும். நங்கூரம் கல்லில் விழுந்தால், படகு காற்றுக்குத் திரும்பத் திரும்பச் சங்கிலியும் அரைவட்டமாக இழுபட்டு, வழியில் உள்ள கிளைகளையெல்லாம் முறிக்கும். மிதவையில் கட்டுகிற, அல்லது வெறும் மணல் தெரியும் இடம் பார்த்து நங்கூரம் இறக்குகிற ஓட்டிக்குக் கூலி கொஞ்சம் கூடினாலும் கொடுக்கலாம்.

"ஆமை கட்டாயம் காட்டுவேன்" என்று வாக்குக் கொடுக்கும் படகில் ஏற வேண்டாம். அந்த வாக்கைக் காப்பாற்ற அவர் ஆமையைத் துரத்தத்தான் வேண்டும். மேய்ந்துகொண்டிருக்கும் ஆமை சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வரும். ஆள்கள் மேலே வட்டமிட்டால் வராமலே ஆழத்துக்கு விலகிவிடும். அது எழும் இடத்தில் எஞ்சின் ஓடினால் விசிறி ஓட்டில் வெட்டும். குறைந்தது 3 மீற்றர் தள்ளி, பக்கவாட்டில் அசையாமல் மிதந்தால் அது தன்பாட்டில் மேயும்.

எந்த ஆமை என்று ஓட்டி சரியாகச் சொல்கிறாரா என்பதும் ஒரு நல்ல சோதனை. கூரிய கொக்கி அலகு, ஓட்டுத் தகடுகள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று, கண்களுக்கு நடுவே இரண்டு சோடிச் செதில் என்றால் அழுங்காமை. உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்பது இதுதான். அழகான ஓட்டுக்காகப் பெருமளவில் கொல்லப்பட்டது. வட்ட முகம், ஒரு சோடிச் செதில், தகடுகள் விளிம்போடு விளிம்பு பொருந்தியிருந்தால் பேராமை. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களைக் கணிக்கும் உலகச் செம்பட்டியலில் 2025 இல் பேராமையின் நிலை தேறியது. அதற்காக இலங்கைச் சட்டம் தளரவில்லை. எந்தக் கடலாமையையும் தொந்தரவு செய்வது குற்றம்.

செட்டை நுனி கறுத்த சுறாவைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். பெரும்பாலும் ஒன்றரை மீற்றருக்குள் நிற்கும், மனிதரைக் கண்டால் விலகும் சுறா. ஒரு ஈற்றில் சில குட்டிகளே என்பதால் பிடிபடும் வேகத்துக்கு இனம் ஈடுகொடுக்க முடியாமல், இதுவும் ஆபத்துக்குள்ளான இனங்களில் சேர்ந்துவிட்டது. முதற் படகில் போய், நீர் கலங்குமுன் சத்தமில்லாமல் இறங்கினால் காணும் வாய்ப்பு அதிகம். பாண் தூவி மீன் கூட்டும் ஓட்டிகளை உடனே தடுத்துச் சொல்லுங்கள்.

வாடகைக்குத் தரும், மூக்கையும் மூடும் நீச்சல் கண்ணாடிகளில்தான் ஏமாற்றம் அதிகம். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால்தான் சரியான அளவு. மீசை இருந்தால் சிறிது கசியும். கண்ணாடியில் பனிப்புகார் படியாமலிருக்க உள்ளே துப்பித் தேய்த்து ஒருதரம் அலசினால் போதும். பழக்கமில்லாதவர்கள் துடுப்புக் காலணியைத் தவிர்ப்பது நல்லது, உதைப்பது கல்லில்தான் படும். மிதவை அங்கி கட்டாயம். களைத்தவர் முருகைக்கல்லில் ஏறி நிற்பதையும் அதுவே தடுக்கும். வெயிலுக்குக் களிம்புக்குப் பதில் நீளக் கை பனியன் போடுங்கள். கரை முழுக்க உடைந்த முருகைக்கல் என்பதால் செருப்பு தேவை.

படகுக் கூலி வேறு, வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு வேறு. கூலி பெரும்பாலும் படகுக்கானது, தலைக்கல்ல. காத்திருக்கும் நேரம், கண்ணாடி, அங்கி எல்லாம் அதற்குள் அடங்குமா என்று ஏறுமுன் கேளுங்கள்.

வாடைக் காலத்தில், அதாவது கார்த்திகை முதல் மாசி வரை, போக வேண்டாம். அலையும் கலங்கலும்தான் மிச்சம். சித்திரை முதல் புரட்டாதி வரை நல்லது. ஆனால் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் நாளில் கடல் தட்டையாகத் தெரிந்தாலும் காற்று தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். முகத்தைக் கவிழ்த்து மிதப்பவருக்கு விலகிப் போவதே தெரியாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தலையைத் தூக்கித் தீவைப் பார்க்க வேண்டும். இதை இறங்குமுன்னே சொல்லி, நீங்கள் நீரில் இருக்கும்வரை கண்ணெடுக்காமல் நிற்கும் ஓட்டி கிடைத்தால் அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். அன்று ஆமை காணாவிட்டாலும் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.