பிரிட்டன் தேசிய இளையோர் இசைக்குழு: தனி வகுப்பில் கிடைக்காதது

1948-இல் ரூத் ரெயில்டன் தொடங்கிய குழு. 13 முதல் 18 வயதுவரை நூற்றைம்பது பேருக்கு மேல். எட்டாம் கிரேடு (பிரிட்டனின் தரவரிசை இசைத் தேர்வுகளில் கடைசிப் படி) தரம் இல்லாமல் குழுவின் ஆள்தேர்வுக்குப் போவது வீண். பள்ளி விடுமுறையில் தங்கி ஒத்திகை, பிறகு கச்சேரி. கோடையில் லண்டனின் பிபிசி ப்ராம்ஸ் இசைவிழா மேடையும் உண்டு.

உண்மையான மதிப்பு ஒத்திகையில்தான். இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு வயலின். பக்கம் புரட்டுவது உள்பக்கத்தவர் வேலை. வெளிப்பக்கத்தவர் (பார்வையாளர் பக்கம் இருப்பவர்) வில் நிற்கக் கூடாது. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் சிம்பொனியில் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகுழல்காரர்கள் மூன்று பகுதிகள் சும்மா உட்கார்ந்து, நான்காவதில் மெல்லிய ஸ்வரத்தோடு நுழைய வேண்டும். அதற்குள் குழாய் ஆறி, சுருதி இறங்கியிருக்கும். சில பார்களுக்கு (தாள அளவுகளுக்கு) முன்பே சத்தமில்லாமல் வெதுவெதுப்பாக ஊதிவைக்க வேண்டும். வீட்டில் தனியே வாசித்தால் இது தெரியவே தெரியாது.

குறை, குழுவின் அளவுதான். பின்வரிசைக்கு 15 மீட்டர் என்றால் முன்வரிசை ஒலி சுமார் 0.04 விநாடி தாமதம். காதை நம்பி வாசித்தால் பிந்திவிடுவார்கள். கண் நடத்துநரின் கோலின் மேல் இருக்க வேண்டும். பின்னால் இருக்கும் தாளவாத்தியக்காரர்களுக்கு இது இன்னும் கடினம். புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் சைமன் ராட்டில் இளமையில் இங்கே தாளவாத்தியம் வாசித்தவர்தான்.