கேரவனுக்கு சோலார் போடப் போறீங்களா? என் ரூ.86,500 போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

நேற்று ராத்திரி பேட்டரியைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ரூ.86,500. கேரவனுக்கு சோலார் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, காரைக்குடியிலேயே ஆள் வைத்துப் படுக்கை, அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் போட்டோம். அப்பச்சிக்குக் காசியில் திதி கொடுக்க வேண்டும் என்பது ஆத்தாவின் நெடுநாள் ஆசை. முட்டி வலியோடு ரயிலில் அவ்வளவு தூரம் அவங்களால் முடியாது. சர்க்கரை வேறு. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதனால் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தான். இதை முதல் போனிலேயே சொல்லிவிட்டேன்.

வெளியூர் கடை. போனில் வீடியோ போட்டு விற்கிற சோலார்க்காரர்கள். ஆள் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். திண்ணையில் உட்கார வைத்து ஆத்தா வெள்ளைப் பணியாரமும் காபியும் கொடுத்தாங்க. சாப்பிட்டு முடித்து, பேட்டரியை ஒரே கையால் தூக்கி அவங்களிடம் நீட்டினார்.

“ஆச்சி, நீங்களே தூக்கிப் பாருங்க. 100 ஏ.எச். லித்தியம். பழைய பேட்டரின்னா ரெண்டு ஆள் வேணும்.”

(ஏ.எச். என்பது பேட்டரி எவ்வளவு கரண்ட் சேர்த்து வைக்கும் என்கிற அளவு.) ஆத்தா வாங்கிப் பார்த்துவிட்டு, “ஒரு மரக்கா அரிசி கனம்தான் இருக்குப்பா” என்று ஆச்சரியப்பட்டாங்க. நான் முழுசாக நம்பியது அந்த நிமிடத்தில்தான். லேசாக இருப்பதே நல்ல சரக்குக்கு அடையாளம் என்று நினைத்துவிட்டேன். அட்வான்ஸ்கூட அவர் கேட்கவில்லை. “வேலை முடியட்டும்ணே.” சாயங்காலம் ஃப்ரிட்ஜ் ஓடியது, விளக்கு எரிந்தது. ரூ.86,500 மொத்தத்தையும் ஜிபேயில் அனுப்பினேன்.

காசிக்குக் கிளம்பிய முதல் ராத்திரி கிருஷ்ணகிரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திப் படுத்தோம். ஃப்ரிட்ஜும் ஒரு ஃபேனும் மட்டும்தான் ஓடின. ரெண்டு மணிக்கு ஃபேன் நின்று முழிப்பு வந்தது. ஃப்ரிட்ஜும் நின்றிருந்தது. காலையில் டீக்கடையில் ஐஸ் வாங்கி, துண்டில் சுற்றிய இன்சுலின் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆத்தா ஊர் வரை வந்தாங்க. சித்திரை வெயில், வண்டிக்குள் அனல். பிரிக்காத ஐந்து பேனாவையும் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. “பரவாயில்லப்பா, அடுத்த வருஷம் போவோம்” என்றாங்க. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள், “மேகமா இருந்திருக்கும்ணே.” இரண்டாம் நாள், “புது பேட்டரி செட்டாக ஒரு வாரம் ஆகும்.” அப்புறம், “ஃப்ரிட்ஜ் போட்டதே தப்பு, உங்களை யாரு போடச் சொன்னா?” அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. வேறு நம்பரில் கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் கட் செய்கிறார்.

நேற்று எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தார். பேட்டரியைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தோம். நாலரை கிலோ. 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி சாதாரணமாகப் பத்து கிலோவுக்கு மேல் இருக்கும் என்றார். மூடியைப் பிரித்தால் ஸ்பாஞ்சுக்கு நடுவில் உருண்டை செல் இருபது, ஒவ்வொன்றும் 6 ஏ.எச். ஐந்தைந்தாக நாலு வரிசை. மொத்தம் 30 ஏ.எச்., அவ்வளவுதான். பாதி ராத்திரிக்கே பத்தாது.

பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் கரண்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டிதான் சார்ஜ் கன்ட்ரோலர். அதன் மேல் எம்.பி.பி.டி. என்று ஸ்டிக்கர், பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருகிற வகை. உள்ளே இருப்பது அப்படி மாற்றாத சாதா வகையான பி.டபிள்யூ.எம். வண்டிக் கூரையில் இருப்பது 335 வாட்ஸ் பேனல் இரண்டு, வீட்டுக்குப் போடுகிற வகை, 38 வோல்ட் பக்கம் வேலை செய்வது. பி.டபிள்யூ.எம். அதை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து வைத்துவிடும், ஆம்பியர் அதிகமாகாது. 670 வாட்ஸ் என்று வாங்கியதில் உச்சி வெயிலிலும் 230 வாட்ஸ்தான் வருகிறது.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. இதையாவது செய்யுங்கள். பேட்டரியை எடை போட்டு வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது பேனல் ஒயரில் மீட்டர் வையுங்கள். பேட்டரி வோல்ட்டேஜே அங்கேயும் காட்டினால் அது எம்.பி.பி.டி. இல்லை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா பாருங்கள், எங்களுக்குப் போடவே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

1915-க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அப்புறம், ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். ரூ.86,500-க்கு என்னிடம் இருப்பது ‘எஸ்டிமேட்’ என்று மேலே அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான். இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வழக்குப் போட எங்கள் மாவட்டத் தலைநகர் சிவகங்கைக்குப் போகிறேன்.