1896 கிரிக்கெட் அட்டை என்று விற்கப்படும் மறுபதிப்புகள்: சேகரிப்பாளர்களுக்கு எச்சரிக்கை

இங்கிலாந்திலிருந்து இணைய ஏலத்தில் வரும் பழைய சிகரெட் அட்டைகளை, குறிப்பாக வில்ஸ் நிறுவனத்தின் 1896 கிரிக்கெட் வீரர் வரிசையை, வாங்க எண்ணுவோர் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டுகிறேன். 50 அட்டைகள் கொண்ட அவ்வரிசையில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸின் அட்டையை, அது அசல்தான் என்று எழுத்து மூலம் உறுதியளித்த ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வந்து சேர்ந்ததோ, தேநீரில் நனைத்துப் பழுப்பேற்றிய அண்மைக்கால மறுபதிப்பு.

காகித உறைக்குள் சிகரெட்டுகள் நசுங்காதிருக்கச் செருகிய வெற்று அட்டையில் முதலில் விளம்பரத்தையும், பிறகு வீரர்கள், கப்பல்கள், நடிகைகள் எனத் தொடர் படங்களையும் அச்சிட்டு, வரிசையை முடிக்கும் ஆசையிலேயே வாடிக்கையாளர் மீண்டும் அதே பெட்டியை வாங்கும்படி செய்த வணிகத் தந்திரமே சிகரெட் அட்டை. தந்திரமானாலும் வேலைப்பாடு உயர்ந்தது: ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுக்கல் கொண்டு அச்சிட்ட அந்த முகங்களில், கன்னத்துச் சிவப்பும் தாடியின் நிழலும் சீரற்ற நுண்புள்ளிகளாக அமைந்திருக்கும். எனக்கு வந்த அட்டையை உருப்பெருக்கியில் பார்த்தபோது, இன்றைய நான்கு வண்ண அச்சுக்கே உரிய ஒழுங்கான புள்ளிக் கோலம் படம் முழுவதும் தெரிந்தது. பெயரின் எழுத்துகள்கூடப் புள்ளிகளாகச் சிதறியிருந்தன. புற ஊதா விளக்கின் கீழ் தாள் நீலவெண்மையாக ஒளிர்ந்தது. வெண்மையூட்டும் வேதிப்பொருள் சேர்த்த அத்தகைய தாள் 1896இல் கிடையாது.

அட்டையின் உயரமும் சற்றுக் குறைவாக இருந்தது. நேர்மையான மறுபதிப்பாளர்கள் பின்புறத்தின் அடியில் அச்சிடும், 'இது மறுபதிப்பு' என்ற அறிவிப்பு வரியை யாரோ நறுக்கி எடுத்திருக்கிறார்கள் என்றே கருதுகிறேன். ஓரம் நறுக்குவது இத்துறைக்குப் புதிதன்று. உலகிலேயே புகழ்பெற்ற புகையிலை அட்டையான அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை ஒன்றின் ஓரங்களைத் தாமே வெட்டியதாக, ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார்.

விற்பனையாளர் முதலில் பதிலளிக்கவில்லை. பிறகு, தாம் குறிப்பிட்டது பழைய பாணியை மட்டுமே என்று கூறிப் பாதித் தொகையைத் தர முன்வந்தார். ஏலத்தளத்திடம் உருப்பெருக்கிப் படங்களுடன் முறையிட்ட பின்னரே முழுத்தொகை கிடைத்தது. திருப்பி அனுப்பிய அஞ்சல் செலவு கிடைக்கவில்லை. இப்போது அதே அட்டை வேறொரு கணக்கின் பெயரில் மீண்டும் ஏலத்துக்கு வந்துள்ளது. முன்புறப் படம் மட்டுமே காட்டப்பட்டுள்ளது. அதை அடையாளம் காண, இடது கீழ்மூலையில் பிறைவடிவக் கறை இருக்கும்.