கார்ல ஸ்பார்க் பிளக் வயர் மாத்துனோம்னு பில் போட்டு பழசையே தொடச்சு மாட்டி அனுப்பிட்டாங்க, உஷாரா இருங்க

வண்டி ஐடிலிங்ல நடுங்குது, மேடு ஏறும்போது இழுக்க மாட்டேங்குது, இன்ஜின் லைட் வேற சிமிட்டுதுன்னு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். ஸ்கேன் பண்ணி P0303, அதாவது மூணாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதுல பெட்ரோல் சரியா எரியலன்னு சொன்னாங்க, பெட்ரோலைப் பத்த வைக்கிற ஸ்பார்க் பிளக் நாலு, அதுக்குக் கரண்ட்டு கொண்டு போற பிளக் வயர் செட் ஒண்ணு, லேபர்னு பில்லைக் கையில குடுத்தாங்க, நானும் நம்பி கட்டிட்டு வந்துட்டேன்.

ரெண்டு நாள் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் லேசா மழை ஈரம் பட்டதும் திரும்ப அதே நடுக்கம். போன் பண்ணா "புது பிளக்ல, செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் சார் இருக்கும்"னு சொன்னாங்க. பிளக்கெல்லாம் அப்படி செட் ஆகுறதுக்கு ஒண்ணுமே இல்ல, போட்ட நிமிஷத்துலேருந்து ஒழுங்கா ஓடணும். அது தெரியாம ரெண்டு வாரம் அப்படியே ஓட்டிட்டேன்.

கடைசியா ஒரு நாள் ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கையை எதுமேலயும் படாம தள்ளி வச்சுக்கிட்டு பானட்டுக்குள்ள பாத்தேன். மூணாவது வயர்லேருந்து பக்கத்து இரும்புக்கு நீலமா பொறி சடக் சடக்குனு தாவுது! காயில்லேருந்து (பேட்டரி வோல்ட்டை ஏத்திக் குடுக்குற பார்ட்) வர்ற கரண்ட்டு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல, பிளக்குக்குப் போக வேண்டியது வழியிலேயே கசிஞ்சிடுது, ஈரம் பட்டா கேக்கவே வேணாம்.

மறுநாள் இன்ஜின் நல்லா ஆறுனதும் வயரைப் பிடிச்சு இழுக்காம ரப்பர் கேப்பைத் திருகிக் கழட்டினேன். வெளியில புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, ஆனா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜின் புகை வெளிய போற சூடான குழாய்) பக்கம் திரும்புன எடத்துல நகம் அளவுக்கு வெந்து போன தழும்பு, கேப்புக்குள்ள பொறி கசிஞ்ச தடமா முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு, டெர்மினல்ல பச்சைக் களிம்பு. புது வயர்ல களிம்பு எங்கேருந்து வரும்? ஏதோ ஸ்ப்ரே அடிச்சு தொடச்சிருக்காங்க, அவ்ளோதான். மல்டிமீட்டர் வச்சு ரெசிஸ்டன்ஸ் (கரண்ட்டுக்கு இருக்குற தடை) பாத்தா மத்த மூணும் 5, 6 கிலோ ஓம், இது 30ஐத் தாண்டுது, லேசா வளைச்சா ரீடிங்கே வரல.

போய்க் கேட்டா "பையன் மறந்திருப்பான்"னு வயர் காசை மட்டும் திருப்பிக் குடுத்தாங்க, லேபர் காசு தரல.

அதனால வண்டியை விடுறதுக்கு முன்னாடியே வயரைப் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஓரத்துல மார்க்கர்ல ஒரு சின்ன புள்ளி வச்சா இன்னும் நல்லது. பழைய செட்டைக் கண்டிப்பா கேட்டு வாங்குங்க. நீங்களே மாத்துறதா இருந்தா ஒவ்வொண்ணா கழட்டி மாட்டுங்க, மொத்தமா உருவிட்டா எந்த வயர் எந்த சிலிண்டருக்குன்னு குழம்பி, பொறி வர்ற வரிசை (ஃபயரிங் ஆர்டர்) மாறிடும். சில வண்டியில பிளக் மேலேயே காயில் உக்காந்திருக்கும், அதுல இந்த வயரே கிடையாது, அதுக்கும் வயர் செட்னு யாராச்சும் பில் போட்டா விடாதீங்க.

இன்ஜின் லைட் சிமிட்டுதுன்னா ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் போய் கன்வெர்ட்டரை (சைலன்சர் வழியில புகையைச் சுத்தம் பண்ற பார்ட்) சூடாக்கிக் கெடுத்துடும். அந்த ரெண்டு வாரத்துல என்னோடது எவ்ளோ அடி வாங்கிருக்கோன்னு எனக்கு இன்னும் அடிச்சுக்குது.